இடது கையில் முடி இல்லாத மாப்பிள்ளை

சின்னராசுவுக்கு இடது கையில் முடி கிடையாது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் உரித்த முள்ளங்கி மாதிரி வழவழவென்று இருக்கும். வலது கையைப் பார்த்தால் ஆளே வேறு, அங்கே முடி காடு மாதிரி மண்டிக் கிடக்கும். கள்ளக்குறிச்சியில் சுப்புராயன் பட்டறையில் மரச் சிற்பம் செதுக்குகிற ஆறு பேருக்கும் ஏறக்குறைய இதே கோலம்தான். ஆனால் சின்னராசுவின் இடது கை அளவுக்குச் சுத்தமான கை அந்தப் பட்டறையில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. அதில் அவனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

காரணம் உளி. செதுக்குகிறவனுக்கு ஒரு உளி, இரண்டு உளி போதாது. சின்னராசுவின் துணிச் சுருளைப் பிரித்தால் இருபத்தாறு உளி வரிசையாகப் படுத்திருக்கும். தட்டையானது, நகம் போல வளைந்தது, கண்ணிமைக்கு ஒன்று, காது மடலுக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் எண்ணெய்க்கல்லில் தீட்டி, பலகையில் ஆணியடித்து வைத்த பழைய பெல்ட்டுத் தோலில் நாலு இழுப்பு இழுத்து முடித்ததும், கூர் ஏறியதா என்று பார்க்க இடது கையில் மெல்ல ஒரு வழிப்பு. முடி சத்தமில்லாமல் உதிர்ந்தால் உளி தயார். வளைந்து நின்றால் மறுபடியும் கல்லுக்குப் போக வேண்டியதுதான். மற்றவர்கள் காலையில் ஒரு தரம், சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு தரம் பார்த்துக்கொள்வார்கள். சின்னராசுவுக்கு அரை மணிக்கு ஒரு தரம் பார்த்தால்தான் மனசு ஆறும்.

"டேய், நீ செலை செதுக்க வந்தியா, சவரம் பண்ண வந்தியா?" என்று சுப்புராயன் கேட்காத நாள் இல்லை. ஆனால் விநாயகர் முகம் என்று வந்துவிட்டால் கட்டையைத் தூக்கிச் சின்னராசு முன்னால்தான் வைப்பார்.

இத்தனை திறமை இருந்தும் என்ன, முப்பத்தோரு வயசாகிக் கல்யாணம் ஆகவில்லை. அப்போது கள்ளக்குறிச்சி விழுப்புரம் மாவட்டத்தோடு இருந்தது. மூன்று இடம் பார்த்து மூன்றும் ஏதேதோ காரணத்தில் தட்டிப்போயிருந்தன. நாலாவது இடத்தைக் கொண்டுவந்தவர் பக்கத்துப் பாயில் உட்கார்ந்து செதுக்குகிற பச்சமுத்து. அவர் மனைவிக்கு நைனார்பாளையம் பிறந்த ஊர். அங்கே கந்தசாமி என்று ஒருவர், மூன்று ஏக்கரில் மரவள்ளி போடுகிறவர், அவர் மகள் அமிர்தம். பெண்ணுக்கு அம்மா இல்லை. கந்தசாமியின் அக்கா குஞ்சம்மாள்தான் வளர்த்தது, வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம் என்று பச்சமுத்து முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போனார்கள். சின்னராசு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, சொன்ன இடத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு தட்டில் கொய்யாப்பழம் நறுக்கி வந்தது. ஒரு துண்டை எடுத்தவன் வாயில் போடாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காகிதம் மாதிரி மெலிசு. ஓரத்தில் ஒரு நசுங்கல் இல்லை, நடுவில் இருந்த விதைகூட இரண்டாக அறுபட்டு நின்றது. மொண்ணைக் கத்தி என்றால் விதையைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் போகும். சின்னராசுவுக்குத் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பது மறந்துவிட்டது.

"இந்தக் கொய்யாவ யாரு அறுத்தது?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டான்.

 பச்சமுத்து அவன் தொடையைக் கிள்ளினார். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் தயங்காமல் வந்தது. "நான்தாங்க. ஏன், நல்லா இல்லியா?"

"இல்லீங்க, விதை ரெண்டா அறுந்திருக்குது. அரிவாமணை யாரு தீட்டனது?"

"அதுவும் நான்தாங்க. யாரையும் தொட வுடமாட்டேன்."

பிறகு அமிர்தம் வெளியே வந்து கும்பிட்டாள். சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். சின்னராசுவுக்கு அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது. இந்தப் பெண் இல்லையென்றால் வேறு பெண் வேண்டாம் என்று, ஒரு துண்டு கொய்யாவைக் கையில் பிடித்தபடியே தீர்மானம் செய்துவிட்டான்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போன இடத்தில்தான் வினை. குஞ்சம்மாள் சொம்பில் தண்ணீர் ஊற்ற நின்றார். சின்னராசு சட்டைக் கை நனையக்கூடாதே என்று இரண்டு கையையும் முழங்கை வரை மடித்துவிட்டு நீட்டினான். குஞ்சம்மாள் இந்தக் கையைப் பார்த்தார், அந்தக் கையைப் பார்த்தார், மறுபடியும் இந்தக் கையைப் பார்த்தார். சொம்புத் தண்ணீர் மொத்தமும் அவன் காலில் கொட்டியது.  அவன் கொய்யா நினைப்பில் ஒன்றையும் கவனிக்கவில்லை.

நாலு நாள் கழித்துப் பச்சமுத்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தார். கொட்டாப்புளியை, அதாவது உளியின் தலையில் தட்டுகிற மரச் சுத்தியலை, எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உருட்டினார்.

"சொல்லுண்ணே, இன்னா சொன்னாங்க?"

"வாணாங்கறாங்கடா."

"ஏன்? பொண்ணு புடிக்கலன்னுச்சா?"

"பொண்ணு ஒண்ணும் சொல்லல. அத்தக்காரிதான். உனுக்குக் கையில எதோ தோல் வியாதியாம். ஒரு கையில முடி மொளைக்கல, போவப் போவ ஒடம்பெல்லாம் பரவும், எங்க பொண்ணத் தள்ளி வுடமாட்டம்னு ஒரே பிடியா நிக்கிது."

பட்டறையில் மற்ற நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுப்புராயன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தார். சின்னராசுவுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. இத்தனை வருஷம் பெருமையாகத் தடவிப் பார்த்த கையை அன்றைக்கு முதல் தடவையாகத் துண்டு போட்டு மூடி வைத்தான்.

"உண்மைய எடுத்துச் சொல்லலியாண்ணே?"

"சொல்லாம இருப்பனா? உளிய வச்சி செரைச்சிக்குவாங்கன்னேன். எந்தப் பைத்தியக்காரனாவது நல்லாருக்கற கையில உளிய வச்சி செரைப்பானான்னு திருப்பிக் கேக்குது. நான் இன்னான்னு சொல்லுவேன்?"

பட்டறையில் மற்றவர்கள் தங்கள் கையையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்கள். கேட்டுப் பார்த்தால் பைத்தியக்கார வேலை மாதிரிதான் தெரிந்தது.

பச்சமுத்து அவ்வளவு சீக்கிரம் விடுகிற ஆள் இல்லை. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். சின்னராசு நாற்பது நாளைக்கு இடது கையில் உளி வைக்கக் கூடாது. முடி நன்றாக வளரட்டும். பிறகு கந்தசாமி குடும்பத்தைப் பட்டறைக்கே வரவழைத்து, இதோ பாருங்கள் இரண்டு கையும் ஒரே மாதிரி என்று காட்டிவிடலாம். எல்லாருக்கும் இது சரியான யோசனையாகப் பட்டது. ஒரு விஷயத்தை மட்டும் ஒருத்தரும் யோசிக்கவில்லை. நாற்பது நாளும் உளி தீட்டித்தானே ஆக வேண்டும்? தீட்டியதை எங்கே பார்ப்பது?

முதல் நாள் சின்னராசு காகிதத்தை அறுத்துப் பார்த்தான். காகிதம் மொண்ணை உளிக்கும் வழிவிடுகிறது, அதை நம்பி விநாயகர் கண்ணில் உளி வைக்க முடியாது. நகத்தில் வைத்துப் பார்த்தான், திருப்தி இல்லை. மத்தியானம் பச்சமுத்து பக்கம் மெல்லத் திரும்பினான்.

"அண்ணே, உன் கைய ஒரு நிமிசம் குடேன்."

நாம் சொன்ன யோசனைக்காகத்தானே கஷ்டப்படுகிறான் என்று பச்சமுத்து கையைக் கொடுத்தார். அவர் இடது கையில் இருந்த மிச்சம் மீதியும் இரண்டு நாளில் தீர்ந்தது. அடுத்து வலது கை. ஒரு வாரத்தில் நாலு பேர் கையும் தீர்ந்து, சின்னராசு உளியோடு எழுந்தாலே ஆளாளுக்குச் சட்டைக் கையை இறக்கிவிட ஆரம்பித்தார்கள். சுப்புராயன் முதலாளி என்ற மரியாதையில் கொஞ்ச நாள் தப்பித்தார். ஒரு நாலடி வாகை மர விநாயகரின் துதிக்கைச் சுருளை முடிக்க வேண்டிய நாளில் அவரும் இரண்டு கையையும் நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சின்னராசுவின் இடது கையிலோ வலது கைக்குச் சவால் விடுகிற மாதிரி முடி கருகருவென்று வளர்ந்து நின்றது.

நாற்பத்திரண்டாம் நாள் காலையில் நைனார்பாளையத்துக்காரர்கள் பஸ் ஏறி வந்தார்கள். கந்தசாமி, குஞ்சம்மாள், கூடவே அமிர்தம். பெண் வருவது வழக்கம் இல்லைதான். "வியாதின்னா நானே கண்ணால பாத்துட்டு வாணாம்னு சொல்றேன்" என்று அவள் அப்பாவிடம் பிடிவாதம் பிடித்து வந்திருந்தாள். இதைப் பச்சமுத்து சின்னராசுவின் காதில் சொன்னபோது அவன் கையிலிருந்த உளியைக் கீழே வைத்துவிட்டான். இன்றைக்கு இவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் மேல்முறையீடே கிடையாது.

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டு இரண்டு கையையும் ஒன்றாக நீட்டினான். கந்தசாமி குனிந்து பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார். "ந்தா பாருக்கா, தம்பிக்கு ரெண்டு கையிலயும் நல்லாத்தான இருக்குது?"

குஞ்சம்மாளும் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது. அந்த நேரம் பார்த்துச் சுப்புராயன், வந்தவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டுமே என்று டீ கிளாஸ்களோடு வந்து இரண்டு கையையும் நீட்டினார். குஞ்சம்மாளின் பார்வை கிளாஸுக்குப் போகவில்லை. சுப்புராயன் கையிலிருந்து பச்சமுத்து கைக்குப் போனது. அங்கிருந்து பாயில் உட்கார்ந்திருந்த நாலு பேருக்கும் போனது. பத்துக் கை, பன்னிரண்டு கை, ஒன்றிலும் ஒரு முடி இல்லை.

"ஐயோ, கந்தசாமி!" என்று அவர் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார். "இவனுக்கு நல்லாயி மத்தவனுக்கெல்லாம் ஒட்டிக்கிச்சிடா! எதையும் தொடாத, டீயக் குடிக்காத! அமிர்தம், வெளிய வா!"

கந்தசாமி வாய்க்குக் கொண்டுபோன கிளாஸை அப்படியே நிறுத்தினார். பச்சமுத்து ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டு, உளி, முடி, நாற்பது நாள் என்று முன்னுக்குப் பின் முரணாக உளறினார். உளறல் கூடக் கூடக் குஞ்சம்மாள் இன்னும் இரண்டு அடி தள்ளிப் போனார். இனி மறைத்துப் புண்ணியம் இல்லை என்று சின்னராசுவுக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா, தப்பு எங்களதுதாங்க. என் கையில முடி இல்லாமதான் இருந்துச்சு. உளி வச்சி நானே வழிச்சிக்கினேன். நீங்க பாத்துட்டு தப்பா நெனச்சிட்டீங்கன்னு வளத்தேன். கூர் பாக்க எனக்கு கை இல்லாததால இவங்க கைய வாங்கிக்கினேன். வியாதி இல்லீங்க."

"உளியால முடி போவுமா? யாருகிட்ட கத வுடற?" குஞ்சம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தார். வாசல் ஓரம் பாலீஷ் டப்பாவின் மூடியைக் கிளப்ப வைத்திருந்த ஒரு பழைய உளி கிடந்தது. வாய் முழுக்கப் பல்லுப் பல்லாக முறிந்து, துருவேறிக் கிடந்தது. அதைக் கால் விரலால் தள்ளிக் காட்டினார். "ந்தா, இத்த தீட்டி இங்க என் கண்ணு முன்னால வழிச்சிக் காட்டு. அப்ப நம்பறேன். இல்லன்னா மூணு மணி பஸ்சுக்கு நாங்க கெளம்பறம்."

சுப்புராயன் உச்சுக் கொட்டினார். ஒரு உளிக்கு இருக்கக்கூடிய அத்தனை கேடும் அந்த உளிக்கு இருந்தது. சின்னராசு அதை எடுத்துக்கொண்டு கல் முன்னால் உட்கார்ந்தான்.

முதலில் சாணைச் சக்கரத்தைச் சுற்றச் சொல்லிப் பல்லையெல்லாம் தேய்த்து எறிந்தான். சூடேறினால் இரும்பு செத்துப்போகும் என்று இரண்டு சுற்றுக்கு ஒரு தரம் தண்ணீரில் முக்கினான். பிறகு எண்ணெய்க்கல்லின் சொரசொரப்பான முகம், அப்புறம் வழவழப்பான முகம். உளியின் சாய்வைக் கல்லோடு ஒட்ட வைத்து, இரண்டு விரலால் அழுத்தி, ஒரே கோணத்தில் முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தான். நடுநடுவே வெளிச்சத்தில் பிடித்து வாயைப் பார்த்தான். மொண்ணை வாய் என்றால் வெள்ளைக் கோடாக மின்னும். கோடு மெலிந்து மெலிந்து கடைசியில் காணாமல் போனது. இப்படியே முக்கால் மணி நேரம் போனது. கந்தசாமி ஒரு கட்டத்தில் தன்னை மறந்து டீயைக் குடித்துவிட்டார்.

அமிர்தம் நாலடி தூரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் கோளாறு. அவள் பார்க்கிறாள் என்கிற நினைப்பில் சின்னராசு அவசரப்பட்டான். எழுந்து நின்று, இடது கையை நீட்டி, எல்லாரும் பார்க்க உளியை வைத்து இழுத்தான்.

முடி வளைந்தது. உளி தாண்டிப் போனதும் நிமிர்ந்து நின்றது. ஒன்றுகூட உதிரவில்லை.

இன்னொரு முறை இழுத்தான். கை சிவந்ததுதான் மிச்சம்.

"பாத்தியா கந்தசாமி? நான் சொல்லல?" குஞ்சம்மாள் பையைத் தோளில் மாட்டினார். "கெளம்பு."

பச்சமுத்து தலையில் கை வைத்தார். பதினைந்து வருஷம் உளி பிடித்த சின்னராசுவுக்கு எங்கே தவறினோம் என்பதே தெரியவில்லை. உளியையும் கையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அத்தே, கொஞ்சம் இரு" என்றாள் அமிர்தம். பிறகு அவன் முகத்தைப் பார்க்காமல் உளியைப் பார்த்துச் சொன்னாள். "அதுக்குப் பின்பக்கம் வெரல வச்சித் தடவிப் பாருங்க. பிசிறு நிக்கிது."

அவன் உளியின் தட்டை முதுகில் கட்டைவிரலை ஓட்டினான். விளிம்பில் நூல் மாதிரி ஒரு பிசிறு விரலைப் பிடித்து இழுத்தது. ஒரு பக்கமே தீட்டினால் இரும்பு மறுபக்கம் மடங்கி நிற்கும், அதைத் தேய்த்து எடுக்காமல் எந்த உளியும் அறுக்காது. கற்றுக்கொள்ள வந்த முதல் வாரத்தில் தெரிந்துகொள்கிற சங்கதி.

"நான் அரிவாமணைய தீட்டிட்டு எங்க வூட்டு மரக் கம்பத்துல பத்து இழு இழுப்பேன்" என்றாள் அமிர்தம். "இங்க தோலே வச்சிக்கினு இருக்கீங்க. அத்தத் தொடவே இல்லியே நீங்க?"

பட்டறையில் அனுபவஸ்தர்கள் ஆறு பேர் நின்றிருந்தார்கள். ஒருத்தர் கண்ணிலும் அது படவில்லை. சுப்புராயன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு விநாயகரின் தும்பிக்கையைத் துடைக்கப் போய்விட்டார். சின்னராசுவுக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன, முகம் எதைக் காட்டுவது என்று தெரியாமல் தவித்தது. உட்கார்ந்து, உளியின் முதுகைக் கல்லில் படுக்க வைத்து இரண்டு தேய்ப்பு தேய்த்தான். பெல்ட்டுத் தோலில் இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து இழுத்தான். இந்தத் தடவை அவசரப்படவில்லை.

கையை நீட்டி உளியை வைத்தான். அழுத்தவே இல்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரே போக்கில் போனது. போன வழியில் நாற்பது நாள் பயிர் சுருண்டு சுருண்டு உதிர்ந்து, மின்விசிறிக் காற்றில் பறந்து, வாசலில் நின்ற குஞ்சம்மாளின் சேலையில் போய் ஒட்டியது. அவர் அதை இரண்டு விரலால் எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தார்.

"எனுக்கு ஒரு இழு இழு தம்பி, பாப்பம்" என்று கந்தசாமி தன் கையை நீட்டினார். அவர் கையில் நரைமுடி ஒரு விரல் அகலத்துக்கு வழிந்து இறங்கியது. அந்த இடத்தைத் தடவித் தடவிப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். "யக்கா, வலிக்கவே இல்லக்கா!"

"சரி, சரி, போதும் உன் கூத்து" என்றார் குஞ்சம்மாள். உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். "அந்த டீ ஆறிப்போச்சா, இன்னும் சூடா இருக்குதா?"

சுப்புராயன் புது டீக்கு ஆள் அனுப்பினார். குஞ்சம்மாள் குடித்து முடித்துவிட்டு அமிர்தத்தைப் பார்த்தார். "நீதான் பாத்துச் சொல்றேன்னு வந்த. சொல்லு."

அமிர்தம் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "வியாதி இல்லத்தே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

தை மாசம் நைனார்பாளையத்தில் கல்யாணம். பட்டறையே திரண்டு போயிருந்தது. கந்தசாமி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இடது கையைக் காட்டி, மாப்பிள்ளை உளியால் வழித்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வழித்தது ஆவணியில்தான் என்றாலும், முடி வளர வளர அவர் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறிப் புதுப்பித்துக்கொண்டு வந்தது வேறு கதை.

தாலி கட்டி முடித்து, கந்தசாமி மகள் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தார். சின்னராசுவின் அம்மா, கல்யாணப் போட்டோவில் இரண்டு கையும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டதால் அவன் ஒரு மாசமாக இடது கையில் உளி வைக்கவில்லை. கை முழுக்க முடி வளர்ந்திருந்தது. அக்கினியைச் சுற்றி வரும்போது அமிர்தம் குனிந்த தலை நிமிராமல் அந்தக் கையைப் பார்த்தாள்.

"இன்னாங்க, உளியெல்லாம் மொண்ணையாவா கெடக்குது?" என்று அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"போட்டோவுக்காக அம்மாதான் வுடச் சொல்லிச்சி."

"போட்டோ எடுத்தாச்சி இல்ல? பட்டறைக்குப் போனதும் மொதோ வேலையா தீட்டிடுங்க" என்றாள் அமிர்தம். "முடியோட பாக்கறதுக்கு உங்க கை மாதிரியே இல்ல."